80 நிமிட அனிமேசன் படம்: போட்ட காசு திரும்புமா?

கரைச்சிப்பெடியன்:
கிளிநொச்சியில மூண்டு பேர் இருக்கிறம். பிளெண்டர் எண்ட 3டி மென்பொருளில மொடலிங் (உருவம் செய்யிறது), ரிக்கிங் (உருவத்தை அசைக்க எலும்புக்கூடு பூட்டுறது), அனிமேசன் தெரியும். 1803 இல வன்னி மன்னன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச கதையை 80 நிமிட 3டி படமாச் செய்ய யோசனை. ஆனா அனிமேசன் படம் இப்ப வரிசையா வந்துகொண்டே இருக்கு. சிலது பில்லியன் டொலர் எடுக்குது, சிலது வந்ததே தெரியாது. இலாபத்தை உண்மையில தீர்மானிக்கிறது எது? மூண்டு கொம்பியூட்டர் இருக்கு, ஒண்டில 12 ஜிபி மெமறி உள்ள 3060 கிராபிக்ஸ் கார்ட்.

மாங்குளம்சந்தி:
தம்பி, வசூலை இலாபம் எண்டு எடுக்காதேங்கோ. ரிக்கெற் காசில தயாரிப்பாளருக்கு அமெரிக்காவில பாதி அளவு, மற்ற நாடுகளில 40 வீதம் போல, சீனாவில 25 வீதம்தான் வரும். பத்திரிகையில வாற பட்ஜெட்டுக்குள்ள விளம்பரச் செலவு இல்லை. அதாலதான் பட்ஜெட்டின்ர இரண்டரை மடங்கு வசூல் வந்தால் முதல் தேறும் எண்டு தோராயமாச் சொல்லுவினம்.

டிஸ்னி 2022 இல 180 மில்லியன் டொலர் போட்டு எடுத்த 'ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட்' உலகம் முழுக்க 75 மில்லியனைக்கூடத் தொடேல்லை. வேலைத் தரத்தில குறை சொல்லேலாது. இலுமினேசன் கொம்பனி 2010 இல 'டெஸ்பிக்கபிள் மீ'யை பாரிஸில இருந்த மக் கஃப் ஸ்ரூடியோவில 69 மில்லியனுக்கு முடிச்சது, வசூல் 540 மில்லியனுக்கு மேல. 2023 மாரியோ படத்துக்கும் அவை 100 மில்லியன் அளவோட நிண்டினம், அது 1.3 பில்லியனைத் தாண்டிச்சு. படம் ஓடாட்டியும் கடை மூடத் தேவையில்லாத தொகையைத்தான் அவை போடுகினம். இலாபத்தின்ர பாதி அங்கயே முடிவாகிடும்.

மற்றது திகதி. 2006 இல அமெரிக்காவில ஜூலை 21 'மொன்ஸ்டர் ஹவுஸ்', ஜூலை 28 'தி ஆண்ட் புல்லி', ஓகஸ்ட் 4 'பார்ன்யார்ட்'. மூண்டும் ஒரே வயசுப் பிள்ளையளுக்கு. முதலாவதும் மூண்டாவதும் 100 மில்லியனைத் தாண்டிச்சு, நடுவில மாட்டினது 50 மில்லியன் செலவழிச்சு 55 எடுத்தது. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் நாலு ரிக்கெற், தீன், வாகனம். ஒவ்வொரு கிழமையும் எந்தக் குடும்பம் போகும்? பெரியவைக்கான சண்டைப் படத்தை ஒரு ஆள் தனியப் போய்ப் பாத்திட்டு அடுத்த கிழமை இன்னொண்டுக்கும் போவான். குடும்பப் படத்தில அது நடவாது.

பாலைப்பழம்:
சந்தி அண்ணை சொன்ன செலவுக் கணக்கை உங்கட கதைக்குப் போட்டுப் பாப்பம்.

80 நிமிடம் 4800 செக்கன். பெரிய ஸ்ரூடியோவில ஒரு அனிமேற்றர் கிழமைக்கு நாலைஞ்சு செக்கன் முடிப்பார், ரீவித் தரத்தில 20 செக்கன் வரும். உங்களுக்கு 10 எண்டு வையுங்கோ. மூண்டு பேருக்கு கிழமைக்கு 30, மொத்தம் 160 கிழமை. மூண்டு வருசத்துக்கு மேல. அதுவும் மொடல், ரிக், லைற்றிங், சத்தம் எல்லாம் வேற யாரோ செய்து தந்தால்.

கோட்டைச் சண்டை எண்டால் கூட்டம், வேட்டி, தலைமுடி, பீரங்கிப் புகை, கடல். 3டியில காசைத் தின்னுறது இந்த அஞ்சும்தான். வேட்டி கட்டினவன் ஓடேக்க துணி தொடைக்குள்ள புகும். துணிக்கும் உடம்புக்கும் இடையில விடுற கொலிசன் தூரத்தைக் கூட்டினால் துணி உடம்பை விட்டு மிதக்கும், துணியின்ர அசைவை எத்தினை தரம் கணிக்கிறது எண்ட குவாலிற்றி ஸ்ரெப்பைக் கூட்டினால் பேக் பண்ணுற (கணிச்சுச் சேமிக்கிற) நேரம் ஏறும். ஒரு ஆளுக்கே இந்தப் பாடு, 200 பேருக்கு யோசியுங்கோ. 1995 இல பிக்சார் முதல் முழுநீளப் படத்துக்கு விளையாட்டுச் சாமான்களை நாயகராக்கினதுக்கு ஒரு காரணம், அந்தக் காலத்துக் கணினிக்கு பிளாஸ்ரிக் சுகம், தோலும் முடியும் கஷ்டம். 30 மில்லியன் அளவில முடிச்சினம். கையில இருக்கிற கருவியைப் பாத்துக் கதையைத் தெரிவு செய்தவை.

குளக்கட்டு ஒண்டு, வயல் ஒண்டு, ஒரு சிறுமி, ஒரு எருமைக்கண்டு. அப்படி யோசியுங்கோ. எருமைக்கு முடியின்ர அசைவைக் கணிக்கிற சிமுலேசன் தேவையில்லை, உருவத்துக்கு மேல ஒட்டுற படம் (ரெக்ஸர்) காணும்.

வவுனிக்குளம்:
முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டன். தெரிஞ்ச கதைக்கு ஒரு பெறுமதி இருக்கு. 2025 ஜூலையில வந்த 'மஹாவதார் நரசிம்மா'வுக்குப் பெரிய நடிகர் இல்லை, இந்தியாவில அனிமேசன் ஓடாது எண்டுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தவை. 300 கோடி இந்திய ரூபாயைத் தாண்டிச்சு. கதையை ஊருக்கே தெரியும், பக்தியோட குடும்பமா வந்தினம், ஒருத்தர் சொல்லி மற்றவர் வந்தார்.

ஆனா பண்டாரவன்னியனிலயும் ஒரு சிக்கல் இருக்கு. அவரை நீங்கள் சொந்தம் கொண்டாடேலாது. நாளைக்கு இன்னொரு குழு அதே கதையை எடுத்தால் தடுக்க வழியில்லை. உங்கட கண்டுக்குட்டி எண்டால் அந்த உருவம் உங்களுக்கே உரியது. 'கார்ஸ்' படம் 2006 இல வந்தது. 2011 இல இரண்டாம் பாகம் வாறதுக்குள்ள அந்தப் பெயரில வித்த சாமான் 10 பில்லியன் டொலருக்குக் கிட்ட. அது கடைவிலைக் கணக்கு, டிஸ்னிக்கு வாறது உரிமப் பங்கு மட்டும். எண்டாலும் தியேட்டர் காசு அதுக்குப் பக்கத்தில சின்னது. சோட்டா பீமும் அந்த வழிதான்: ரீவித் தொடர், பிறகு பை, கொப்பி, தண்ணிப்போத்தல்.

அதால, வெளிநாட்டுக் கொம்பனிக்குக் கூலிக்கு அனிமேசன் செய்து குடுக்கேக்க ஒப்பந்தத்தை வடிவா வாசியுங்கோ. செய்து குடுக்கிற பாத்திரம், ரிக் எல்லாம் அவையின்ர சொத்து எண்டுதான் அனேகமா எழுதியிருக்கும். உங்கட கண்டுக்குட்டி ரிக்கை அந்த வேலைக்குள்ள கொண்டுபோகாதேங்கோ.

கரைச்சிப்பெடியன்:
சரி, 80 நிமிடத்தை விடுறம். 7 நிமிடக் குறும்படம் எண்டால்? வசனம் வன்னித் தமிழில வைச்சால் இந்தியாவில விளங்குமோ எண்டு பயமும் இருக்கு.

மாங்குளம்சந்தி:
வசனமே வேண்டாம். லத்வியாக்காரர் பிளெண்டரில செய்து 2025 இல ஒஸ்கார் எடுத்த 'ஃப்ளோ'வில ஒரு சொல்லும் இல்லை. 85 நிமிடம், 3.5 மில்லியன் யூரோ. டப்பிங் இல்லை, வாயசைவு அனிமேசனும் இல்லை, எந்த நாட்டுக்கும் அப்படியே விக்கலாம். ஒண்டை மறக்காதேங்கோ: அது பிரான்ஸ், பெல்ஜியத்தோட சேர்ந்த கூட்டுத் தயாரிப்பு, அரச நிதியும் இருந்தது. எங்களுக்கு அந்த வாசல் இல்லை.

யூரியூப்பில 'பிள்ளைகளுக்கானது' எண்டு குறிச்சால், 2020 ஜனவரியில இருந்து ஆளைப் பாத்துப் போடுற விளம்பரம் வராது, கருத்துப் பகுதியும் மூடியிருக்கும். வருமானம் குறையும். பிள்ளைகளுக்கான படத்தை அப்படிக் குறிக்காமல் விடவும் ஏலாது, சனலுக்கே ஆபத்து. விளம்பரக் காசு தொடங்க 1000 சந்தாதாரரும் 12 மாதத்துக்குள்ள 4000 மணி நேரப் பார்வையும் வேணும். 7 நிமிடப் படம் ஒண்டால அது கஷ்டம். அதே கண்டை வைச்சு ஒரு நிமிடத் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு செய்யுங்கோ, ஆனா கவனம்: ஷோர்ட்ஸ் ஓடையில பாக்கிற நேரம் அந்த 4000 இல சேராது. கிடையா, நீட்டு வீடியோவாச் சேர்த்துப் போடுங்கோ. கனடா, சுவிஸ் பார்வைக்கு வாற விளம்பர விலை இஞ்ச இருந்து பாக்கிறதை விடக் கூட.

ரொறன்ரோவிலயோ லண்டனிலயோ தியேட்டரில போடுறதெண்டால் டிசிபி (தியேட்டர் புரொஜெக்டருக்கான டிஜிற்றல் கோப்புத் தொகுப்பு) கேப்பினம். அதைச் செய்யிற டிசிபி-ஓ-மற்றிக் மென்பொருள் இலவசம். முதலிலயே செக்கனுக்கு 24 ஃபிரேமில, 1998 தர 1080 அளவில ரெண்டர் (கணினி கடைசிப் படத்தை வரைஞ்சு தாறது) எடுங்கோ. 30 இல எடுத்துப்போட்டுப் பிறகு 24 ஆக்கினால் கமரா திரும்பேக்க வெட்டி வெட்டித் தெரியும்.

பாலைப்பழம்:
ரெண்டர் பற்றி. 7 நிமிடம் 10,080 ஃபிரேம். பிளெண்டரின்ர மெதுவான ரெண்டர் முறையான சைக்கிள்ஸில ஃபிரேமுக்கு மூண்டு நிமிடம் எண்டால் ஒரு மெசினுக்கு 504 மணி, 21 நாள் விடாமல். 400 வாட்ஸ் இழுத்தால் ஏறத்தாழ 200 யூனிற் கரண்ட். வேகமான மற்ற முறை ஈவீ எண்டால் ஃபிரேமுக்கு சில செக்கன்தான். 'ஃப்ளோ'வும் ஈவீயிலதான் எடுத்தது.

ஒருக்காலும் நேரா எம்பி4 வீடியோவா எடுக்காதேங்கோ. ஐப்பசி கார்த்திகை இடிமழைக்குக் கரண்ட் போனால் 9000 ஆவது ஃபிரேமில முழுக் கோப்பும் பழுதாப் போகும். பிஎன்ஜி இல்லாட்டி இஎக்ஸ்ஆர் படங்களா எடுத்தால் நிண்ட இடத்தில இருந்து தொடரலாம். அவுட்புட்டில 'ஓவர்ரைற்'றை (இருக்கிற கோப்புக்கு மேல எழுதுறது) எடுத்துவிட்டு 'பிளேஸ்ஹோல்டர்ஸ்' (எடுக்கத் தொடங்கின ஃபிரேமுக்கு வெறுங்கோப்பு வைக்கிறது) போட்டு, மூண்டு மெசினுக்கும் ஒரே பகிர்வுக் கோப்புறையைக் குடுத்தால், ஒண்டு எடுத்த ஃபிரேமை மற்றது தாண்டிப் போகும். கரண்ட் போனால் வெறுமையான பிளேஸ்ஹோல்டர் மிஞ்சும். சைபர் கேபி கோப்புகளை அழிச்சிட்டுத் தொடங்குங்கோ, இல்லாட்டி அந்த ஃபிரேம் எடுபடாமலே கிடக்கும்.

12 ஜிபி கார்ட்டில மெமறி முட்டினால் முதல்ல ரெக்ஸரைப் பாருங்கோ. 4கே ஒண்டு 64 எம்பி போல, 2கே எண்டால் 16. தூரத்துப் பனைக்கு 4கே என்னத்துக்கு? சைக்கிள்ஸில சாம்பிளை (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணிக்கிற தடவை) குறைச்சு, படத்தில வாற புள்ளி இரைச்சலைத் துடைக்கிற டீநொய்ஸ் போட்டால் நிண்ட படம் வடிவா இருக்கும், ஓடேக்க சுவரெல்லாம் கொதிக்கிற மாதிரி நடுங்கும். முழுசா எடுக்க முதல் ஒவ்வொரு ஷொட்டிலயும் 48 ஃபிரேம் எடுத்து ஓடவிட்டுப் பாருங்கோ.