நாமினி ஹால் வீட்டுக் கணக்கு

சித்தப்பா: அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த பழைய புகையிலைத் தோட்ட முதலாளிகளைப் பற்றிப் படித்தேன். அவர்களில் ஒருவரான வில்லியம் பேர்ட் காலையில் எழுந்ததும் எபிரேயமும் கிரேக்கமும் படிப்பாராம், ஜெபம் செய்வாராம். அந்த ஒழுங்கு இன்று எந்த வீட்டில் இருக்கிறது?

நான்: சித்தப்பா, அதையெல்லாம் அவர் எழுதி வைத்த நாட்குறிப்பில்தான் இதுவும் இருக்கிறது. படுக்கையை நனைத்த யூஜின் என்ற அடிமைச் சிறுவனைச் சிறுநீர் குடிக்க வைத்ததாக 1709இல் அவரே எழுதுகிறார்.

அண்ணி: ஐயோ!

சித்தப்பா: காலம் அப்படி அம்மா. எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

அத்தை: ஒரேயடியாகச் சொல்லிவிடாதே தம்பி. அதே வர்ஜீனியாவில், நாமினி ஹால் என்ற தோட்ட மாளிகையில் ராபர்ட் கார்ட்டர் என்று ஒரு முதலாளி இருந்தார். அவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர 1773இல் பிலிப் ஃபிதியன் என்ற இளைஞர் போனார். அங்கே பார்த்ததையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்கு முன்பு கனவான்கள் கோயில் வாசலில் புகையிலை விலை பேசுவார்கள், குதிரைகளின் பரம்பரையை அலசுவார்கள். உள்ளே ஜெபம் அவசர அவசரமாக முடியும். பிரசங்கம் 20 நிமிடத்தைத் தாண்டவே தாண்டாது.

அண்ணி: வீட்டு நிர்வாகம் எப்படி அத்தை?

அத்தை: கார்ட்டரின் மனைவி 17 பிள்ளைகள் பெற்றவர். ஆண்டுக்கு 27,000 பவுண்டு பன்றி இறைச்சி, 20 மாடுகள், 550 புஷல் (ஒரு புஷல் சுமார் 35 லிட்டர்) கோதுமை, 150 காலன் பிராந்தி செலவாகிறது என்று ஃபிதியனிடம் அவரே கணக்குச் சொன்னார். அடிமைகளில் பெரும்பாலோருக்கு, தலைக்கு வாரம் ஒரு பவுண்டு இறைச்சியும் சுமார் 9 லிட்டர் சோளமும்தான்.

அண்ணி: வயிறு எரிகிறது.

சித்தப்பா: அடிமைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார்களே அக்கா?

அத்தை: கொடுத்தார்கள். ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான் என்று 1667இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

நான்: 1662 சட்டம் அதைவிடக் கொடியது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் முதலாளியாகவே இருந்தாலும். பெற்ற பிள்ளையைச் சொத்தாக வைத்திருக்க இடம் கொடுத்தவர்களைப் பக்திமான்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சித்தப்பா: கார்ட்டர் என்ன செய்தார் அக்கா?

அத்தை: 1778இல் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையில் சேர்ந்தார். அங்கே கறுப்பின மக்களும் உறுப்பினர்கள். 1791இல், தன் அடிமைகள் 450க்கும் மேற்பட்டோரைப் படிப்படியாக விடுவிப்பதாகப் பத்திரம் பதிவு செய்தார். சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் கொதித்தார்கள். வாரிசுகளும் எதிர்த்தார்கள்.

அண்ணி: ஏன் படிப்படியாக? ஒரே நாளில் விட்டிருக்கலாமே!

அத்தை: அதுதான் எனக்கும் ஆறவில்லை. சிறுபிள்ளைகள் வயது வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் 1793இல் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்த பிறகும் அவர் பின்வாங்கவில்லை. ஆள் வைத்து நடத்தினார்.

சித்தப்பா: வாரிசுகளை மீறி அந்தப் பத்திரம் நின்றதா?

அத்தை: நின்றது தம்பி. 1804இல் அவர் இறந்த பிறகும் அதன்படி ஆட்கள் விடுதலையாகிக்கொண்டிருந்தார்கள்.