ஸ்ட்ரோக்குக்கு 'சராசரி ஆபத்து'ன்னு டி.என்.ஏ. ரிப்போர்ட். நம்பலாமா?

மதுரைக்காரி:
அப்பாவுக்கு 52 வயசுல இடது கை, கால் விழுந்துடுச்சு. பெரியப்பாவுக்கும் அப்படித்தான், அவருக்கு அப்போ ஐம்பதுகூட ஆகலை. ரெண்டு பேருமே சிகரெட் தொட்டதில்லை. தம்பி எச்சில் டெஸ்ட் எடுத்தான். ஸ்ட்ரோக்குக்கு நேரா பச்சைக் கலர்ல 'சராசரி'ன்னு வந்திருக்கு. அன்னையிலேர்ந்து பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டான், கேட்டா போனை நீட்டுறான். அந்தப் பச்சைக்கு என்ன மதிப்பு?

லேப்வாசி:
மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்க. பிரஷருக்குப் பச்சை, சிவப்பெல்லாம் தெரியாது.

அந்தப் பச்சை, பல மரபணு இடங்களோட ஆபத்தைக் கூட்டிப் போடுற ஸ்கோர். இந்த மாதிரி ஸ்கோர்கள்ல பெரும்பாலானது ஐரோப்பிய வம்சாவளிக்காரங்களை வச்சுப் போட்ட கணக்கு. வேற ஊர் பஞ்சாங்கத்துல நம்ம ராகுகாலம் பார்க்கிற கதை. 2022ல வந்த ஜிகாஸ்ட்ரோக் ஆய்வுல ஸ்ட்ரோக் வந்தவங்க மட்டும் 1,10,000 பேருக்கு மேல, அதுல மூணுல ஒரு பங்கு ஐரோப்பியர் அல்லாதவங்க. ஸ்ட்ரோக்கோட சம்பந்தப்பட்ட 89 மரபணு இடங்கள் அதுல தெரிஞ்சுது. ஆனா ஒவ்வொண்ணும் கூட்டுற ஆபத்து துளித்துளிதான்.

உங்க வீட்டு விஷயம் வேற மாதிரி தெரியுது. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் இந்த வயசுலன்னா, நாட்ச்3ங்கிற ஒரே ஜீனைப் பார்க்கச் சொல்லலாம். அது பழுதானா மூளையோட பொடி ரத்தக்குழாய்ச் சுவர் கெட்டுப்போகும். பாகிஸ்தான்ல ஆயிரக்கணக்கான ஸ்ட்ரோக் நோயாளிகளோட மரபணுவைப் படிச்சப்போ, அந்த ஜீன்ல ஆர்1231சிங்கிற மாற்றம் ஸ்ட்ரோக்கோட, முக்கியமா மூளைக்குள்ள ரத்தக்கசிவோட சேர்ந்து வர்றது தெரிஞ்சுது. தெற்காசியர்கள்கிட்ட இருக்கிற அந்த மாற்றம் ஐரோப்பியர்கள்கிட்ட ரொம்ப அரிது. அவங்க டேட்டாவையே தோண்டிட்டிருந்தா கண்ணுல பட்டே இருக்காது. அதுக்காக, இருக்கிற எல்லாருக்கும் ஸ்ட்ரோக் வந்துடாது. நிறைய பேர் ஒண்ணும் ஆகாம இருக்காங்க.

அப்பாவோட எம்.ஆர்.ஐ. ஃபிலிம் பரண்ல கிடக்கான்னு பாருங்க. ஃபிளேர்னு (எம்.ஆர்.ஐ.ல ஒரு வகை) போட்ட படங்கள்ல மூளையோட ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாத் திட்டு படர்ந்திருந்தா நியூராலஜிஸ்ட்டே அடுத்ததைச் சொல்லுவார். அப்பாவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டா? இந்த ஜீன் பழுதுக்கு அதுவும் ஒரு அறிகுறி.

ஒசாகா_பாலா:
ஜப்பான்ல இதே கதை வேற ஜீன்ல: ஆர்.என்.எஃப்.213. மூளைக்குப் போற பெரிய குழாய் சுருங்குற மோயாமோயா நோயோட சம்பந்தம்னு 2011ல கண்டுபிடிச்சாங்க. இங்கயும் கொரியாவுலயும் பரவலா இருக்கிற மாற்றம் ஐரோப்பியர்கிட்ட கிட்டத்தட்ட இல்லை. அந்த நோய் இருக்கிற குழந்தை சூடான நூடுல்ஸை ஊதி ஊதிச் சாப்பிட்டாக்கூட சில நிமிஷம் கை மரத்துப்போகலாம். மூச்சு வேகமானா ரத்தத்துல கார்பன்டை ஆக்சைடு குறைஞ்சு மூளைக்குழாய் இன்னும் சுருங்கிடும்.

மதுரைக்காரி:
ஃபிலிம் கிடைச்சுது, ஓரம் ஒட்டிக்கிட்டிருக்கு. அப்பாவுக்குத் தலைவலி உண்டு, பாதிப் பார்வை மினுமினுக்கும்பார். தம்பியோட சேர்த்து பெரியப்பா பையனையும் டெஸ்டுக்கு அனுப்பிடவா?

லேப்வாசி:
அவசரப்படாதீங்க. முதல்ல அப்பாவுக்கு மட்டும். அவருக்கு மாற்றம் இருந்தா மத்தவங்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தாப் போதும், செலவும் குறையும். அவங்களும் கவுன்சிலிங் முடிச்சிட்டு தெரிஞ்சுக்கணுமா வேண்டாமான்னு அவங்களே சொல்லட்டும். வீட்டுக் குழந்தைங்களுக்கு இப்போ வேண்டாம்.