கலைச்சொல்: ‘ஹெரிட்டேஜ் லாங்க்வேஜ்’ – ‘குடிவழி மொழி’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

‘ஹெரிட்டேஜ் லாங்க்வேஜ்’ என்பது, குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு முன்னோர் வழியாக வரும் மொழி. அதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் இதுவரை பாரம்பரிய மொழி, மரபுமொழி, வழிமொழி, தாய்மொழி ஆகியவை முன்வைக்கப்பட்டிருக்கின்றன. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இதை முடிவு செய்ய முடியாது. யாரைப் பற்றிப் பேச இந்தச் சொல் வேண்டுமோ அவர்களிடம் வைத்துப் பார்த்தால்தான் அது தாங்குமா என்று தெரியும். சீனாவுக்கு வெளியே, இரண்டு மொழிகளோடு வளரும் சீன வம்சாவளி இளையோரை எடுத்துக்கொள்கிறேன்.

> ‘தாய்மொழி’ என்று நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, சிங்கப்பூரில் அந்தச் சொல் படும் பாட்டைப் பாருங்கள். அங்கே ஆங்கிலத்தோடு ‘தாய்மொழி’யும் ஒரு பள்ளிப் பாடம். பிள்ளையின் தாய்மொழி எது என்பது வீட்டுப் பேச்சைப் பொறுத்ததல்ல. அடையாள அட்டையில் உள்ள இனத்தைப் பொறுத்தது. அந்த இனமும் நெடுங்காலம் தந்தையைக் கொண்டே பதிவானது. சீனர் என்றால் மாண்டரின், அதாவது சீனாவின் பொதுமொழி.

ஆனால் அங்கே குடியேறிய சீனர்களில் பெரும்பாலோர் தென்சீனக் கடலோரத்துக்காரர்கள். ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் ஆகியவைதான் அவர்கள் கொண்டுவந்த பேச்சுகள். 1979-இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ ‘மாண்டரின் பேசுங்கள்’ இயக்கத்தைத் தொடங்கினார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ‘கிளைமொழி’ என்று அழைக்கப்பட்ட இந்தப் பேச்சுகளின் நிகழ்ச்சிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் இந்தக் ‘கிளைமொழி’களைப் பேசியவர்கள் ஏறக்குறைய 60 விழுக்காடு, மாண்டரின் பேசியவர்கள் 10 விழுக்காடு. 2020-இல் கிளைமொழிகள் 8.7, மாண்டரின் 29.9, ஆங்கிலம் 48.3. நாற்பதே ஆண்டுகளில் ஒரு நகரத்தின் வீட்டுப் பேச்சு தலைகீழாக மாறியிருக்கிறது.

ஒரு தியோச்சூ குடும்பத்து இளம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். பாட்டிக்குத் தெரிந்தது தியோச்சூ. அப்பா அம்மா வீட்டில் பேசுவது ஆங்கிலம். பள்ளிச் சான்றிதழில் தாய்மொழி மாண்டரின். மாண்டரின் பழகாத பாட்டியோடு பேச அந்தத் ‘தாய்மொழி’ அவளுக்கு உதவாது. லீ குவான் இயூவே ஹக்கா வழியில் வந்து, ஆங்கிலமும் மலாயும் புழங்கிய வீட்டில் வளர்ந்து, பெரியவரான பிறகு மாண்டரின் படித்தவர்தான். நம் பக்கமும் இது உண்டு: தமிழும் இந்தியும் இன்னும் சில இந்திய மொழிகளும் அங்கே தாய்மொழிப் பாடமாக இருக்கின்றன, மலையாளமும் தெலுங்கும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் தமிழையோ இந்தியையோ ‘தாய்மொழி’யாகப் படிக்கிறார்கள்.

ஆகவே இந்தச் சொல்லைச் சிங்கப்பூர்க் கொள்கையின் பெயராக மட்டும் மேற்கோள்குறிக்குள் வைத்துக்கொள்வோம்.

> ‘பாரம்பரிய மொழி’ எல்லோருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் அறுபடாமல் வந்த ஒன்று என்ற எண்ணத்தை அது கூடவே கொண்டுவருகிறது. இந்தோனேசியாவை நினைத்துப் பாருங்கள். 1966-இல் சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. 1967-இல் வந்த அதிபர் ஆணை எண் 14, சீனச் சமயச் சடங்குகளையும் வழக்கங்களையும் பொது இடத்தில் நடத்தத் தடை போட்டது. சீன எழுத்து தெருவிலிருந்து மறைந்தது. குடும்பங்கள் இந்தோனேசியப் பெயர்களை வைத்துக்கொண்டன. 2000-இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் அந்த ஆணையை நீக்கும் வரை ஒரு தலைமுறையே இப்படி வளர்ந்தது. சுமத்ரா தீவின் மேடானில் ஹொக்கியனும் போர்னியோ தீவின் சிங்காவாங்கில் ஹக்காவும் வீட்டுக்குள் உயிரோடு இருந்தன. ஜாவாவில் பல குடும்பங்களில் அதற்கு வெகு முன்பே இந்தோனேசியமும் ஜாவானியமும்தான் பேச்சு. ஜாவாவின் சுரபாயா நகரில் இன்று மாண்டரின் வகுப்புக்குப் போகும் ஓர் இளைஞருக்கு அது புது மொழி. அவருடைய பாட்டனார்களின் மொழியும் அதுவல்ல. அவர் சீனர் இல்லையா? தன்னைச் சீன இந்தோனேசியர் என்றுதான் சொல்கிறார். சீனப் புத்தாண்டு கொண்டாடுகிறார். மொழி போயும் இன உணர்வு நிற்கிறது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மொழி போனால் இனமே போச்சு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த எண்ணத்தை ஒரு கலைச்சொல்லுக்குள் வைத்துத் தைத்துவிட்டால், அதைப் படிக்கும் பிள்ளை குற்றவாளியாகிவிடும். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளைக் கான்டனீஸ் பெரியவர்கள் ‘ஜுக்-சிங்’ என்பார்கள். மூங்கில் கழியின் பெயர் அது: உள்ளே கணுக்கள் அடைத்திருப்பதால், இந்தப் பக்கம் ஊற்றிய தண்ணீர் அந்தப் பக்கம் போகாது. இரண்டு பண்பாட்டிலும் சேராதவர் என்ற ஏச்சு. அந்த ஏச்சின் வாடை நம் சொல்லில் இருக்கக் கூடாது. எனக்கு முதல் அளவுகோல் இதுதான்.

மரபுமொழி, வழிமொழி இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முன்னது மரபுத்தொடரோடு குழம்பும். பின்னது தீர்மானத்தை ‘வழிமொழிகிறேன்’ என்பதில் மாட்டிக்கொள்ளும்.

சீனமொழி ஆய்வாளர்களும் இதில் ஒரே சொல்லில் நிற்கவில்லை. முன்னோர் மொழி என்ற பொருளில் ‘சூயூ’, கைமாறி வருவது என்ற பொருளில் ‘சுவான்செங்யூ’, வாரிசாகப் பெறுவது என்ற பொருளில் ‘ஜிசெங்யூ’ எல்லாம் புழங்குகின்றன. ஆங்கில மூலத்திலேயே பொருள் இரண்டாகப் பிரிந்திருப்பது ஒரு காரணம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 1977-இல் தன் பள்ளித் திட்டத்துக்கு வைத்த பெயரில் ‘ஹெரிட்டேஜ் லாங்க்வேஜ்’ என்ற தொடர் இருந்தது. அமெரிக்காவில் பிறகு பரவியது. மொழியியல் அறிஞர் ஜோஷுவா ஃபிஷ்மன் அதை விரிவாகப் பிடிக்கிறார்: முன்னோர் வழித் தொடர்பு போதும், பேசத் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு ஆய்வாளர் குவாதலூப் வால்தேஸ் இறுக்குகிறார்: அந்த மொழி ஒலிக்கும் வீட்டில் வளர்ந்து, பேசவோ குறைந்தது புரிந்துகொள்ளவோ தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடைப்பதால்தான் நம் வாதம் முடியாமல் இழுக்கிறது.

என் முன்மொழிவு இது. விரிந்த பொருளுக்குக் குடிவழி மொழி. இறுகிய பொருளுக்கு மனைவழி மொழி. அரசோ பள்ளியோ இனப் பதிவை வைத்து ஒதுக்கும் மொழிக்கு இனவழி மொழி. மேலே சொன்ன இளம்பெண்ணுக்குத் தியோச்சூ குடிவழி மொழி, மாண்டரின் இனவழி மொழி. வீட்டில் பாட்டியின் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தால் தியோச்சூ அவளுக்கு மனைவழி மொழியும்கூட. சுரபாயா இளைஞருக்கு மனைவழி மொழி என்று தனியாக எதுவும் இல்லை. அதனால் அவருடைய சீனத்தன்மை குறைந்துவிடுவதாக இந்தச் சொற்கள் எங்கும் சொல்லவில்லை.

> ‘குடி’ என்றால் சாதி நினைவுக்கு வராதா? ‘வழி’ என்றால் தமிழ்வழிக் கல்வி?

இரண்டாவது பெரிய சிக்கல் இல்லை. பயிற்றுமொழியைச் சொல்லும்போது மொழிப்பெயர் முன்னால் வரும். முதல் கேள்வி கனமானது. ஆனாலும் இங்கே ‘குடி’ பொருந்துகிறது என்றே படுகிறது. சிங்கப்பூரில் 1840-லேயே ஹொக்கியன் ஹுவே குவான் அமைந்தது. சொந்த ஊரும் பேச்சும் ஒன்றான குடிகள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட சங்கம், பின்னாளில் பள்ளிகளையும் நடத்தியது. ஹொக்கியன் என்பது அங்கே மொழியின் பெயர் மட்டுமல்ல, ஒரு குடியின் பெயரும்கூட. அப்படியும் உறுத்தினால் ‘வம்சாவளி மொழி’ என்று வைக்கலாம், எனக்கு மறுப்பில்லை.

இந்த இழையில் யாழ்ப்பாணத்து அண்ணா, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலிருந்து ‘முதுசொம்’ என்பதை எடுத்துத் தந்தது அருமை. ஆனால் முதுசொம் கைக்கு வந்து சேர்ந்த சொத்து. இங்கே பலருக்கு மொழி கைக்கு வந்து சேரவே இல்லை. அதே சட்டத்தின் ‘தேடியதேட்டம்’ (ஈட்டிய சொத்து) என்பதை விட மனமில்லை. வளர்ந்த பின் தானாகத் தேடிக் கற்ற மொழிக்குத் தேட்டமொழி என்று வைக்கலாமா? இருபது வயதில் ஹொக்கியன் வகுப்பில் சேரும் பினாங்கு இளைஞருக்கு அவருடைய குடிவழி மொழியே தேட்டமொழியும் ஆகிறது.

மலேசிய நண்பர்கள் ஒன்று சொல்ல வேண்டும். அங்குள்ள சீனத் தொடக்கப்பள்ளிகளில் மாண்டரின் பயிற்றுமொழி. அதைப் பெற்றோரே விரும்பித் தேர்ந்தெடுக்கும்போது ‘இனவழி’ என்பது சரியாகுமா, ‘சமூகவழி’ என்று இன்னொன்று வேண்டுமா? அப்புறம், அந்த மொழியைப் பேசுபவரைக் குறிக்கும் ‘ஹெரிட்டேஜ் ஸ்பீக்கர்’ இன்னும் பாக்கி. ‘பேச்சாளர்’ என்றால் மேடைதான் தெரிகிறது. ‘மனைவழி மொழியர்’ என்று எழுதிப் பார்த்தேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.