அறிவியல் திருவிழாவில் மனதில் நின்றுபோன ஒரு நிமிஷம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

தாம்பரம் அம்மா:
போன பிப்ரவரி 28. அந்தப் பலூன் ஸ்டால் எல்லோருக்கும் தெரியும்: தெர்மோகோல் பெட்டி, வெள்ளைப் புகை, திரவ நைட்ரஜனை ஊற்றியதும் சுருங்கும் பலூன். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். பலூன் வற்றல் மாதிரி சுருங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மட்டும் தட்டவில்லை. "உள்ள இருந்த காத்து எங்க போச்சு அண்ணா?" என்று கேட்டாள். அந்தத் தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடுத்த பேட்ச் வாங்க" என்றார். இவள் நகரவில்லை. பின்னால் நிற்பவர்கள் ஏதாவது சொல்வார்களோ என்று நானே அவள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

அப்புறம் பத்து ஸ்டால் பார்த்தோம். எதிலும் அவள் வாய் திறக்கவில்லை. ராத்திரி படுத்த பிறகு கேட்டாள், "அம்மா, அந்த மாதிரியெல்லாம் கேக்கக் கூடாதா?" அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. இழுத்தது என் கைதான்.

ஸ்டால்காரன்:
அக்கா, பாப்பாவிடம் சொல்லுங்கள், அன்றைக்கு அங்கே கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி அதுவாகத்தான் இருக்கும். காற்று எங்கும் போகவில்லை, பலூனுக்குள்ளேயேதான் இருந்தது. திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி குளிரில் காற்றும் திரவமாகிவிடும். சுருங்கிய பலூனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் சொட்டாக ஏதோ ஆடுவது தெரியும். வெளியே எடுத்து வைத்தால் தானாக மறுபடி உப்பிவிடும். அதைக் காட்டாமல் அனுப்பியது தப்புதான்.

ஆனால் அந்தத் தம்பி பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரியில் இரண்டு வருடம் அதே ஸ்டாலில் நின்றவன் நான். ஒரு அப்பா பையனுக்குத் தெரியட்டும் என்று மேஜைக்கு மேலேயே தூக்கிவிட்டார். அவன் கை நேராக ஃபிளாஸ்க்குக்குள் போனது. "தொடாதே!" என்று நான் கத்திய கத்தில் ஹால் முழுக்க அமைதி. பையன் அழுதுகொண்டே போனான். வெறும் தோலில் திரவ நைட்ரஜன் ஒரு சொட்டு பட்டால் உருண்டு ஓடிவிடும், நடுவில் ஆவி ஒரு மெத்தை போல நிற்கும். சாக்ஸிலோ சட்டை மடிப்பிலோ தங்கினால் அந்தக் குளிரிலேயே தோல் வெந்துபோகும். அதன் பிறகு நான் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததே இல்லை, கைகளைத்தான் பார்த்தேன். அந்தத் தம்பி நிமிராததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

திண்டுக்கல் பேத்தி:
என்னுடையது 2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணம். எங்கள் ஊர் சரியாகப் பாதையில் இருந்தது. பள்ளி மைதானத்தில் கிரகணம் பார்க்கும் கண்ணாடி கொடுத்துக் காட்டினார்கள். அப்பத்தாவைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். ஒன்பதரை வாக்கில் வளையம் முழுசாக வந்தது, மூன்று நிமிடம் இருந்திருக்கும். அப்பத்தா கண்ணாடியைக் கண்ணோடு அழுத்திப் பிடித்தபடி, "ஏய், தங்க வளவி மாதிரி இருக்குடி" என்றார்.

அப்போது சுண்டல் கொண்டு வந்தார்கள். கிரகண நேரத்தில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று காட்டுவதற்காக, அங்கிருந்த தோழர்கள் எல்லோரும் முதலில் சாப்பிட்டார்கள். அப்பத்தா தொன்னையைக் கையிலேயே வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி வெயிலில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தார். அப்பத்தா அந்தப் பெண்ணையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கடலையை எடுத்து வாயில் போட்டு மென்றார். "உங்கப்பன் வயித்துல இருக்கும்போது என்னை ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுனாங்க. தண்ணி கேட்டேன். குடுக்கல. எதுக்கு பூட்டுனாங்க அப்ப?" என்று என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அப்பத்தா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது.

காவிரிக்கரை:
படித்ததும் மனசு கனத்துப் போனது. ஆனாலும் அந்தச் சுண்டல் எனக்கு ஒப்பவில்லை. கிரகணத்தைக் காட்டுங்கள், விளக்குங்கள். வயதானவர்கள் கையில் தொன்னையைக் கொடுத்துவிட்டுச் சுற்றி நின்று பார்ப்பது ஒருவிதக் கட்டாயம்தானே. என் அம்மா அப்படி ஓர் இடத்திலிருந்து பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த அறிவியல் நிகழ்ச்சிக்கும் வர மறுக்கிறார். கண்ணாடியில் பார்த்ததே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

திண்டுக்கல் பேத்தி:
யாரும் சுற்றி நிற்கவில்லை ஐயா. வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டார்கள். சுண்டல் இல்லையென்றால் அப்பத்தா வளையத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார். அந்தத் தண்ணீர் விஷயம் அவரோடேயே போயிருக்கும்.

ரிட்டயர்ட் வாத்தியார்:
சென்னையில் ஆகஸ்ட் 18 நிழலில்லா நாள், அதாவது சூரியன் நேர் உச்சிக்கு வந்து, செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழலே விழாத நாள். ஒரு பள்ளி மொட்டை மாடியில் பிள்ளைகளை உட்கார வைத்து, எல்லோர் முன்னாலும் தண்ணீர் பாட்டில். மணி 12 ஆனதும், "நிழல் இருக்கே சார்" என்று கூச்சல். மேற்குப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு நிழல். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லச் சொல்ல, சாப்பாட்டு நேரம் என்று எல்லோரையும் கீழே இறக்கிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு மேலேயே நின்றான். 12:13க்கு அவன் பாட்டிலின் நிழல் அடிக்குள் போய் மறைந்தது. படிக்கட்டைப் பார்த்து, "வாங்கடா! வாங்கடா!" என்று கத்தினான். ஒருவரும் வரவில்லை.

அதனால் பெற்றோர்களுக்குச் சொல்கிறேன், நேரத்தை நீங்களே கணக்குப் போட்டு வையுங்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. சென்னை அதற்கு மேற்கே 80.27ல் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக ஏறக்குறைய 9 நிமிடம் தாமதம். பூமியின் சுற்றுப்பாதையாலும் சாய்வாலும் மாதத்துக்கு மாதம் சில நிமிடம் கூடும், குறையும். ஆகஸ்டில் இன்னொரு 4 நிமிடம் சேரும். ஏப்ரலிலும் ஒரு நிழலில்லா நாள் உண்டு, சென்னைக்கு 24ஆம் தேதி வாக்கில், 12:07க்கு வரும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரியில் தொடங்கி நாளுக்கு நாள் வடக்கே ஏறும், ஆகஸ்டில் அதே வழியாகத் தெற்கே இறங்கும். ஆகவே ஒரு ஊரில் தவறவிட்டால் பஸ் ஏறி அடுத்த ஊரில் பிடிக்கலாம்.

கிரகணத்துக்கு எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் கூடாது. முகம் பார்க்கும் சிறு கண்ணாடியின் மேல் துளை போட்ட காகிதத்தை ஒட்டி, வெயிலை இருட்டறைச் சுவரில் விழ வையுங்கள். 20 மீட்டர் தள்ளி விழுந்தால் சூரியன் ஒரு சாண் அகலத்துக்குத் தெரியும். கைக்குழந்தையும் பார்க்கலாம். பெரிய திருவிழாவுக்குப் போனால் காலையிலேயே போய்விடுங்கள். எல்லா ஸ்டாலும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள், மூன்று போதும். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கேயே நீங்களும் நில்லுங்கள். தண்ணீர், தொப்பி, ஒரு சிறு நோட்டு. கூட்டம் அதிகம் என்றால் ஸ்ட்ரா பீப்பீ வீட்டிலேயே செய்யலாம்: நுனியைச் சப்பையாக்கி இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டி ஊத வேண்டும். ஊதிக்கொண்டே மறு நுனியைக் கத்தரித்துக்கொண்டு வந்தால் சத்தம் கூர்மையாகிக்கொண்டே போகும். பூவரச இலையில் நாம் ஊதியதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

வானம் பார்க்கிறவன்:
போன வருடக் கடைசியில் சனிக்கோள் காட்டினோம். 2025ல் வளையம் பக்கவாட்டில் திரும்பி, வெறும் கோடாகத் தெரிந்த சமயம். பிள்ளைகள் "படத்துல மாதிரி இல்லையே" என்று ஏமாந்தார்கள். எல்லோரும் போன பிறகு, தொலைநோக்கியைக் கழற்றும் நேரத்தில் டீ கொண்டு வந்தவர், "நான் ஒரு தடவை பாக்கலாமா சார்? காசு எவ்ளோ?" என்று கேட்டார். சாயங்காலத்திலிருந்து நான்கு முறை அவர் கையால் டீ வாங்கிக் குடித்திருந்தோம். ஒருவருக்கும் அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "நிஜமாவே அங்க இருக்கு" என்றார்.

தாம்பரம் அம்மா:
வாத்தியார் ஐயா சொன்னபடி நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஸ்டால்காரன் தம்பி எழுதியதை அவளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். உடனே பலூன் ஊதித் தரச் சொன்னாள். நடுவில் நூலைச் சுற்றி அளந்து, ஃப்ரீசரில் வைத்தோம். மறுநாள் காலையில் நூல் இரண்டு விரல் அகலம் மிச்சம். சின்னதாகத்தான் சுருங்கியிருந்தது, ஆனால் அவள் நோட்டில் அதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள்.

இப்போது ஃப்ரீசர் கதவைத் திறந்து மூடி, உடனே மறுபடி இழுத்துப் பார்க்கிறாள். வரவில்லை, இறுக்கிப் பிடிக்கிறது. "உள்ள போன காத்தும் சுருங்கிடுச்சாம்மா? அதான் கதவை இழுக்குதா?" என்கிறாள். தம்பி, இது சரிதானா? இந்த முறை சரியாகச் சொல்லிவிட வேண்டும், பக்கத்திலேயே நிற்கிறாள்.