வாடைக்காலத்தில் காலையில் மட்டும் கிரவுண்ட் ரிலே விழுகிறது: எம்2, 567சி எஞ்சின், உதவி தேவை

உவர்மலை

வணக்கம் ஐயாமார், அண்ணைமார். திருகோணமலையில் கடற்கரைப் பக்கம் ஒரு பக்கப்பாதையில் வெளியில் நிற்கும் பழைய எம்2 டீசல் ரயில் எஞ்சின் பற்றிய கேள்வி இது. ஜி12 உடல், 12 சிலிண்டர் 567சி எஞ்சின், சக்கரங்களைச் சுற்றும் நாலு டிராக்சன் மோட்டர். 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவில் இருந்து வரத் தொடங்கிய அதே இனம்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. வாடை (வடகிழக்குக் காற்று) எழும்பினதில் இருந்து இப்படி நடக்குது:

விடிய ஸ்டார்ட் பண்ணினால் நல்லாப் பிடிக்கும், ஐடிலில் பிசகில்லை. மெல்ல நகர்த்தும்போதும் ஒன்றும் இல்லை. நொட்ச் (வேகப்படி) 3இல் வேகம் எடுக்கத் தொடங்க மணி அடித்து கிரவுண்ட் ரிலே (மின்சாரம் உடலுக்கு ஒழுகினால் சுமையைக் கழற்றும் ரிலே) விழுது. ரீசெட் பண்ணினால் திரும்பவும் அதே வேகத்தில் விழும். மத்தியானம் வெயில் ஏறினபிறகு அதே பாதையில், அதே நொட்சில் விழுறதே இல்லை.

500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) உயர் மின்னழுத்தப் பக்கத்தை உடலுக்குப் பார்த்தோம். விடிய ஊசி பூச்சியத்தில் நிக்குது. மல்டிமீற்றரில் 2 கிலோஓம் அளவு காட்டுது. மத்தியானம் மெகரில் 1.2 மெகாஓம். தாழ் மின்னழுத்தப் பக்கம் (பற்றறி, விளக்குகள்) எந்நேரமும் 0.8. கருகின மணம் இல்லை, புகை அடையாளம் இல்லை. ஜெனரேற்றரின் அடிப்பாதியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு.

ஆர்மேச்சர் (மோட்டரின் சுழலும் சுருள்) போய்விட்டதா? கிரவுண்ட் ரிலேயின் கத்திச் சுவிட்சைத் திறந்துவிட்டு வார இறுதி ஓட்டத்தை முடிக்கலாம் என்று ஒருத்தர் சொல்கிறார். செய்யலாமா?

கந்தளாய்க்காரர்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: செய்யக்கூடாது. ஒரு இடத்தில் மட்டும் உடலோடு ஒழுக்கு இருந்தால் ரிலே சுருள் வழியாகச் சின்ன மின்னோட்டம்தான் போகும், ரிலே அதைப் பிடித்துச் சுமையைக் கழற்றிவிடும். ரிலேயை எடுத்துவிட்டால் அந்த முதல் ஒழுக்கு இருக்கிறதே தெரியாது. இரண்டாவது ஒழுக்கு வேறொரு மோட்டரில் வந்த அன்று ஜெனரேற்றரின் முழுச் சக்தியும் இரண்டு ஒழுக்குக்கும் நடுவில் உடல் வழியாகப் பாயும். கொம்யூட்டேற்றரில் (ஆர்மேச்சர் முனையில் பிரஷ் உரசும் செப்புப் பட்டை உருளை) நெருப்பு வளையம் ஓடும், பட்டைகள் உருகும், சுருள் போகும். இப்ப உங்களிடம் இருப்பது கழுவித் திருத்தக்கூடிய வருத்தம். அதை ஆர்மேச்சர் மாற்றுற வேலையாக ஆக்காதேங்கோ.

அந்தச் சுவிட்சைத் திறக்க வேண்டிய நேரம் ஒன்றே ஒன்று, மெகர் பிடிக்கும் நேரம். திறக்காமல் பார்த்தால் ரிலே சுருளைத்தான் அளக்கிறீர்கள், சுருளின் காவலை (இன்சுலேஷனை) அல்ல. நீங்கள் பார்த்தபோது அது திறந்திருந்ததா? பற்றறிச் சுவிட்ச் திறந்திருந்ததா? புதிதாகப் பூட்டின ரெகுலேற்றர், வானொலி, எல்ஈடி விளக்கு ஏதும் இருந்தால் கழற்றி வைத்தீர்களா? இல்லாவிட்டால் அந்த எண்களை நம்ப வேண்டாம்.

மல்டிமீற்றரில் பார்த்தது நல்ல வேலை. மெகர் பூச்சியம் என்றால் பூச்சியத்துக்குள் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. இரும்போடு நேராகத் தொட்டிருந்தால் ஒரு ஓமுக்கும் கீழே வரும். 2 கிலோஓம் என்றால் ஈரமான அழுக்குப் படலம். அசையத் தொடங்கும்போது விழாமல் வேகத்தில் விழுறதுக்கும் காரணம் அதுதான்: நிற்கும்போது மின்னோட்டம் கூட, வோல்ட் குறைவு. வேகம் ஏற ஏற வோல்ட் ஏறும், அப்பதான் படலம் கடத்தும்.

இனிப் பிரித்துப் பாருங்கோ. விடியக்காலை, ஸ்டார்ட் பண்ண முதல். ஒவ்வொரு மோட்டரின் நாலு கேபிளையும் (ஏ, ஏஏ, எஃப், எஃப்எஃப்) போகிக்கு (சக்கரங்கள் பூட்டின சட்டத்துக்கு) மேலே உள்ள இணைப்பில் கழற்றி, நுனிகள் ஒன்றிலும் தொடாமல் தொங்கவிட்டு, தனித்தனியாக ஒரு நிமிடம் அளவுங்கோ. கழற்ற முதல் ஒவ்வொன்றிலும் பெயின்ற் அடையாளம் வையுங்கோ. ஏயும் ஏஏயும் மாறினால் அந்த மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். அளந்த பிறகு சுருளை உடலோடு சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் வைத்துவிட்டுத்தான் கை வைக்கலாம்.

உவர்மலை

நன்றி ஐயா. ரிலேச் சுவிட்சும் பற்றறிச் சுவிட்சும் திறந்துதான் பார்த்தோம். பிரித்து அளந்த கணக்கு, விடியக்காலை எடுத்தது:

ஜெனரேற்றர் 4 மெகாஓம். மோட்டர் 1: 11. மோட்டர் 2: பூச்சியம், மல்டிமீற்றரில் அதே 2 கிலோஓம். மோட்டர் 3: 9. மோட்டர் 4: 0.7.

இரண்டாவது மோட்டர் கடல் பக்கத்து முனையில் இருக்கு. அதைக் கழற்றி வேலைத்தலத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா? எங்களிடம் தூக்கும் வசதி இல்லை.

மோட்டர் வைண்டர்

தூக்க வேண்டாம். சக்கரத்தில் இருக்கும்போதே இன்னும் மூன்றாகப் பிரிக்கலாம்.

கொம்யூட்டேற்றர் மூடியைத் திறந்து எல்லா பிரஷ்களையும் (மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகள்) ஹோல்டருக்குள்ளேயே மேலே தூக்கி நிறுத்துங்கோ. ஹோல்டர்களை இணைக்கும் தொடுப்புக் கேபிள்களையும் கழற்றுங்கோ. இப்ப ஃபீல்ட் சுருள் (சுழலாத காந்தச் சுருள்) தனி, ஆர்மேச்சர் தனி, ஹோல்டர்கள் தனி. ஆர்மேச்சரை அளக்க மெகர் முனையைக் கொம்யூட்டேற்றரில் ஒரு தரம் பிடித்தால் போதும். பட்டைகள் எல்லாம் சுருள் வழியாக ஒன்றாகத்தான் இருக்கு. ஹோல்டர் நாலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கோ, சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

என் ஊகம், ஆர்மேச்சரும் ஃபீல்டும் தப்பியிருக்கும், அடியில் இருக்கிற ஹோல்டரின் பின் (ஹோல்டரைத் தாங்கும் ஊசி, pin) இன்சுலேற்றரில்தான் குறை. பிரஷ் தேய்ந்த கரித்தூள் எல்லாம் அடியில்தான் சேரும். உப்புக்காற்று அதை நனைக்கும். கரித்தூள் தனியே இருந்தால்கூட இவ்வளவு கடத்தாது.

உவர்மலை

ஃபீல்ட் 15, ஆர்மேச்சர் 6. ஹோல்டர் மூன்று 20க்கு மேல். அடி ஹோல்டர் பூச்சியம். நீங்கள் சொன்னதே தான் அண்ணை. பின் இன்சுலேற்றரைச் சுற்றி ஒரு சாம்பல் நிறப் பசை, விரலில் ஒட்டுது. அதோடு போகிக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள காற்றுக்குழாயின் கன்வஸ் பெல்லோஸ் கை போகிற அளவு கிழிந்திருக்கு.

துடைத்துவிட்டு ஹீற்றர் பிடித்துக் காயவைத்தால் போதுமா? பெற்றோல் போட்டுத் துடைக்கலாமா?

மோட்டர் வைண்டர்

பெற்றோல் வேண்டாம். தீ ஆபத்து ஒரு பக்கம். பெற்றோலோ மண்ணெண்ணெயோ எண்ணெயைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது என்பது மற்றப் பக்கம். பளபளவென்று சுத்தமாகத் தெரியும், உப்பு அப்படியே இருக்கும். ஹீற்றரும் அதே கதை. தண்ணி போகும், உப்பு நிற்கும். சோடியம் குளோரைட், காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகத் தண்ணியை இழுத்துக் கரையும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட் அதற்கு வெகு கீழேயே கரையத் தொடங்கும். வாடையில் திருகோணமலை இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் மட்டும் விழுற காரணம் முழுதும் இவ்வளவுதான்.

உப்பை எடுக்க நல்ல தண்ணிதான் மருந்து. ஒழுங்கு இது:

முதலில் வக்கூமால் தூளை உறிஞ்சுங்கோ. கொம்பிரசர் காற்றை எடுத்த எடுப்பில் அடித்தால் கரித்தூள் சுருளுக்குள் போய் அடையும். உறிஞ்சி முடிந்தபிறகு 2 பாருக்குக் கீழே, தண்ணி இல்லாத காற்றால், உள்ளே இருந்து வெளியே வருகிற மாதிரி ஊதுங்கோ.

அடுத்து அந்த ஹோல்டரைக் கழற்றி வெளியே எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணியில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு நைலோன் பிரஷால் பின்னைத் தேய்த்து, மூன்று தரம் புதுத் தண்ணியில் அலசுங்கோ. கிணத்துத் தண்ணி வேண்டாம், கரையோரக் கிணறு பலதும் உவர். குழாய்த் தண்ணியால் கழுவி, கடைசி அலசல் பற்றறித் தண்ணியால் (வடித்த நீர்). அந்தக் கடைசி அலசலில் கொஞ்சம் எடுத்துப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்று ஒரு சொட்டு விடச் சொல்லுங்கோ. பால்போலக் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கு, திரும்ப அலச வேணும். கலங்காவிட்டால் முடிந்தது. குழாய்த் தண்ணியில் இந்தச் சோதனை செய்யாதேங்கோ, அதில் உள்ள குளோரைட்டே கலக்கிவிடும்.

காய்ந்ததும் பின்னை வெயிலில் பிடித்துப் பாருங்கோ. மரக்கிளை மாதிரிக் கறுத்த மெல்லிய கோடு ஓடியிருந்தால் பொறி ஏற்கெனவே அதில் நடந்துவிட்டது. அந்தக் கோடு இன்சுலேற்றரே கரியானது, கழுவிப் போகாது. சுரண்டி வார்னிஷ் பூசினாலும் திரும்ப அதே வழியில்தான் பொறி ஓடும். மாற்றுங்கோ.

உள்ளே கையெட்டும் இடங்கள் எல்லாம், முக்கியமாகக் கொம்யூட்டேற்றர் முன்பக்கக் கூம்பைச் சுற்றிய கட்டு, பற்றறித் தண்ணியில் நனைத்துப் பிழிந்த பஞ்சு வராத துணியால் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் அல்ககோலால் துடையுங்கோ. அந்தக் கட்டு கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்க வேணும். சொரசொரப்பில்தான் தூள் பிடிக்கும்.

காயவைக்கும்போது அவசரப்பட வேண்டாம். சூட்டுக்காற்றை ஒரு வாயால் விட்டு மறுவாயைத் திறந்து வையுங்கோ, மூடின பெட்டியில் ஈரம் வெளியே போகாது. சுருளின் மேற்பரப்பு 80 பாகை சென்ரிகிரேட்டைத் தாண்டக்கூடாது. மணிக்கொரு தரம் மெகர் பாருங்கோ. சூடு ஏறும்போது அளவு முதலில் இறங்கும், பயப்பட வேண்டாம், ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ அரைவாசியாகும். பிறகு ஏறும். ஏறி நாலு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் காய்ந்தது.

பூட்டும்போது ஹோல்டரின் அடிப்பக்கத்துக்கும் கொம்யூட்டேற்றருக்கும் இடைவெளி 2 முதல் 3 மில்லிமீற்றர். பிரஷ் தடையின்றி ஏறி இறங்க வேணும். படியவைக்கக் கண்ணாடித்தாள் பாவியுங்கோ, எமரித்தாள் ஒருபோதும் வேண்டாம். அதன் துகள் மின் கடத்தும், பட்டை இடுக்கில் போய் இருந்துவிடும். மோட்டர் 4ஐயும் இதே மாதிரிச் செய்யுங்கோ, 0.7 நல்ல எண் அல்ல.

கந்தளாய்க்காரர்

பெல்லோஸ் தைக்காமல் மோட்டரைக் கழுவினால் பயன் இல்லை. ஓடும்போது ஊதி (குளிர்விக்கும் புளோவர்) அந்தக் குழாயால் காற்றை உள்ளே தள்ளும், கிழிசலால் வெளியே போகும், மோட்டர் சூடாகும். நிற்கும்போது வாடை அதே கிழிசலால் உப்போடு உள்ளே வரும். தடித்த கன்வஸ், இரட்டைத் தையல், இரண்டு முனைக்கும் பட்டிக் கிளிப். போகி முழுதும் திரும்பும் வளைவில் இழுபடாத அளவுக்கு மடிப்பு விட்டுத் தையுங்கோ. மூடிகளின் ஃபெல்ற் பட்டியையும் மாற்றுங்கோ.

ஜெனரேற்றர் எண்ணெய் தனிக்கதை. 567இன் கிராங்கேஸ் (எஞ்சினின் அடிப்பெட்டி) உள்ளே எப்போதும் லேசான உறிஞ்சல் இருக்க வேணும். ஆயில் செப்பரேற்றரின் வலை அடைத்தால் உறிஞ்சல் போய் அழுத்தம் வரும், பின்பக்கத்தால் எண்ணெய் கசிந்து ஜெனரேற்றரில் விழும். வலையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஊதி, பூட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கோ. கசிவு நிற்காவிட்டால்தான் பிஸ்டன் வளையங்களைச் சந்தேகிக்கலாம்.

உவர்மலை

மோட்டர் 2இன் பின்னில் கறுத்த கோடு இருந்தது, மாற்றியாச்சு. இப்ப விடியக்காலை அளவு: மோட்டர் 2: 20, மோட்டர் 4: 14. மற்றதெல்லாம் முன்னைய அளவே. எல்லாம் சேர்த்துப் பூட்டினால் 1.7தான் வருது. கழுவினதுக்கு இது குறைவில்லையா? தாழ் மின்னழுத்தப் பக்கம் இன்னும் 0.8.

மோட்டர் வைண்டர்

குறைவில்லை. ஐந்து ஒழுக்கும் பக்கம்பக்கமாகச் சேரும்போது மொத்தம் மிகச் சின்னதற்கும் கீழேதான் வரும். 4, 11, 20, 9, 14 சேர்த்துக் கணக்குப் போட்டால் அதே 1.7 வரும். கேபிளிலும் கொன்ராக்டர் பெட்டியிலும் வேறு ஒழுக்கு இல்லை என்பதற்கும் அதுதான் சாட்சி. இந்தக் காலத்து இயந்திரத்துக்கு விடியக்காலையில் 1க்கு மேல் இருந்தால் ஓடலாம். இனிக் கீழே இழுப்பது ஜெனரேற்றரின் 4. எண்ணெயை நிறுத்தின பிறகு, கச்சானில், காற்று காய்ந்திருக்கும்போது அதைக் கழுவி வார்னிஷ் பூசுங்கோ. வாடையில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடினதாக முடியும்.

கந்தளாய்க்காரர்

தாழ்பக்கத்துக்குப் பற்றறிப் பெட்டியில் தொடங்குங்கோ. 32 செல், 64 வோல்ட். பிளஸ்ஸில் இருந்து உடலுக்கும், மைனஸில் இருந்து உடலுக்கும் மீற்றர் பிடியுங்கோ. ஒரு பக்கம் 64க்குக் கிட்ட வந்தால் ஒழுக்கு மற்றப் பக்கத்தில். செல் மேற்பரப்பில் அசிட் ஈரம் இருந்தால் மூடிகளை இறுக்கிவிட்டு, லீற்றருக்கு 100 கிராம் அப்பச்சோடா கரைத்துத் துடைத்து, நுரை அடங்கியதும் தண்ணியால் அலசுங்கோ. செல்லுக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. அதன் பிறகும் குறைவென்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்து எதில் அளவு ஏறுது என்று பாருங்கோ. பெரும்பாலும் வெளிவிளக்குக் கூட்டில்தான் இருக்கும்.

உவர்மலை

வெளிவிளக்குத்தான் ஐயா, கூட்டுக்குள் தண்ணி தேங்கியிருந்தது. இனிமேல் நிற்கும் நாட்களில் முழுதும் தார்ப்பாய் போட்டு மூடி, கிழமைக்கொரு தரம் ஐடிலில் ஓடவிட்டால் போதுமா?

கந்தளாய்க்காரர்

இரண்டும் வேண்டாம். இறுக்கி மூடின தார்ப்பாய்க்குள் இரவில் வியர்க்கும். கூரையை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றோட விடுங்கோ. கடல் பக்கம் மட்டும் ஒரு தட்டி. ஜெனரேற்றர் அடியிலும் ஒவ்வொரு மோட்டர் பெட்டியிலும் ஒரு சின்ன ஹீற்றர், 60 வொட் போதும். வெளிக்காற்றைவிட 5 பாகை கூட இருந்தால் ஈரம் படியாது. ஸ்டார்ட் பண்ண முதல் கழற்ற மறக்காதேங்கோ.

ஐடிலில் ஓடவிட்டால் எஞ்சின் சூடேறாது, எரியாத எரிபொருளும் எண்ணெயும் புகைவழியில் சேரும். மோட்டருக்கும் அதால் நன்மை இல்லை, சுமை இல்லாமல் சுருள் சூடாகாது. ஓட்டினால் சுமையோடு ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கோ, இல்லாவிட்டால் நிற்கவிடுங்கோ. நின்ற பிறகு ஓட்டும் ஒவ்வொரு தரமும் சிலிண்டர் டெஸ்ட் கொக் (சிலிண்டருக்குள் தண்ணி இருக்கா என்று பார்க்கும் சின்ன வால்வு) பன்னிரண்டையும் திறந்து, எஞ்சினைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட். ஒரு கொக்கில் தண்ணி தெறித்தால் அங்கேயே நிறுத்துங்கோ. அந்தச் சிலிண்டரின் எண்ணோடு புது இழை ஒன்று தொடங்குங்கோ, பார்ப்போம்.