ஜெபத்திற்குப் பதில் வராதபோது கர்த்தரை நம்புவது எப்படி?

கேள்வி: காத்திருப்பவள்

கர்த்தருக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

என் தம்பி பல ஆண்டுகளாக நோயுற்றிருக்கிறான். மருத்துவம் ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, நானும் என் பெற்றோரும் அவனுடைய சுகத்திற்காக நாள்தோறும் ஜெபித்து வருகிறோம், உபவாசமும் இருந்திருக்கிறோம். சில வாரங்கள் உடல் தேறியதுபோல் இருக்கும், பிறகு மீண்டும் பழைய நிலைக்கே வந்துவிடும். சபையில் மற்றவர்கள் எழுந்து நின்று தாங்கள் பெற்ற சுகத்தைச் சாட்சியாகச் சொல்லும்போது உண்மையாகவே அவர்களுக்காக மகிழ்கிறேன்; ஆனால் வீடு திரும்பும்போது மனம் முழுவதும் சோர்ந்துபோகிறது.

அண்மையில் ஒருவர், எங்கள் வீட்டில் விசுவாசம் குறைவாக இருப்பதனாலோ அறிக்கையிடப்படாத பாவம் ஏதேனும் இருப்பதனாலோதான் சுகம் தாமதமாகிறது என்று தம்பியின் முன்னிலையிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜெபிக்க முழங்கால்படியிட்டாலும் வார்த்தை வருவதில்லை. நான் தேவனை விட்டு விலகவில்லை, விலகவும் விரும்பவில்லை. எனினும் மூன்று காரியங்களை உங்களிடம் கேட்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப வைப்பது சரியா, அல்லது ஒரு கட்டத்தில் நிறுத்திவிட வேண்டுமா? "ஏன் கேளாதிருக்கிறீர்" என்று தேவனிடம் கேட்பது பாவமா? உள்ளத்தில் எந்த உணர்வும் இல்லாதபோது, அவரை நம்புகிறேன் என்று சொல்வதற்கு என்ன பொருள்?

மறுமொழி: எளிய விசுவாசி

சகோதரி, மனம் தளராதீர்கள். சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ணவேண்டும் என்பதற்காகவே லூக்கா 18-ஆம் அதிகாரத்தில், நியாயம் கேட்டு ஒரு நியாயாதிபதியிடம் விடாமல் வந்துகொண்டிருந்த விதவையின் உவமையை ஆண்டவர் சொன்னார். அநீதியுள்ள நியாயாதிபதியே அவளுக்கு இரங்கினான் என்றால், அன்புள்ள பிதா எவ்வளவு அதிகமாய்ச் செவிகொடுப்பார்! ஆகையால் விடாமல் கேளுங்கள். உங்கள் தம்பிக்காக நானும் ஜெபிக்கிறேன்.

மறுமொழி: வேதபாட ஆசிரியர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் வீட்டில் பேசப்பட்ட அந்த வார்த்தையைப் பற்றி எழுதுகிறேன். அது அப்படியே நிற்கும்வரை வேறு எந்த ஆறுதலும் உங்களுக்குள் இறங்காது.

பவுலின் உடலிலிருந்து கொண்டுவந்து போடப்பட்ட உறுமால்களினாலும் கச்சைகளினாலும் எபேசுவில் நோயாளிகள் சுகமடைந்தார்கள் என்று அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அதே எபேசு பட்டணத்தைச் சேர்ந்த துரோப்பீமு என்ற உடன்ஊழியரைத் தாம் மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாக, தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில் அதே பவுல் எழுதுகிறார். காரணம் எதுவும் சொல்லவில்லை. துரோப்பீமுவின் விசுவாசத்தைக் குறைகூறவுமில்லை. தமக்கு அருமையான தீமோத்தேயுவுக்கோ அடிக்கடி பலவீனம் வருகிறதென்று அறிந்து, வயிற்றின் நலத்திற்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி ஆலோசனை கூறுகிறார். சுகமளிக்கும் வரம் பெற்றிருந்த அப்போஸ்தலரின் மிக நெருங்கிய வட்டத்திலேயே நோய் நீங்காத விசுவாசிகள் இருந்தார்கள் என்றால், நீங்காத நோயைக் கொண்டு ஒரு குடும்பத்தின் விசுவாசத்தை அளக்க நமக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது?

எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தைச் சற்று நிதானமாக வாசியுங்கள். 34-ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே பட்டயத்துக்குத் தப்பினவர்கள் வருகிறார்கள். மூன்றே வசனங்கள் கழித்து, பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தவர்கள் வருகிறார்கள். இரு சாராருமே விசுவாசத்தினால் நற்சாட்சி பெற்றவர்கள் என்றுதான் அந்த அதிகாரம் முடிகிறது. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்திலும் இதுவே நடக்கிறது: ஏரோது யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்கிறான், பேதுருவையோ தேவதூதன் வந்து சிறையிலிருந்து விடுவிக்கிறான். யாக்கோபு ஏன் போனார், பேதுரு ஏன் மீண்டார் என்று லூக்கா விளக்கவே இல்லை. வேதம் விளக்காமல் விட்ட இடத்தில் நாம் ஒரு விளக்கத்தை உண்டாக்கி, அதை நோயாளியின் படுக்கையருகே போய்ச் சொல்வது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. பெருந்துன்பத்தில் இருந்த யோபின் நண்பர்கள் செய்ததும் அதுதான். ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதே தவறிப்போனார்கள்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கும் அந்தப் புத்தகத்திலேயே விடை இருக்கிறது. தேவனைத் தற்காத்துப் பேசிய நண்பர்களைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கர்த்தர் சொல்லுகிறார். யோபு பேசியதில் எத்தனை முறையீடு, எத்தனை கசப்பு! ஆனால் அவர் அதைத் தேவனை நோக்கியே பேசினார். நண்பர்கள் தேவனைப் பற்றி நீளநீளமாகப் பேசினார்களேயொழிய, யோபுக்காக ஒருமுறையேனும் ஜெபித்ததாக நாம் வாசிப்பதில்லை. ஆபகூக் தீர்க்கதரிசியும், "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்றுதான் தம் புத்தகத்தைத் தொடங்குகிறார். கேட்பவர் ஒருவர் இருக்கிறார், அவர் நீதியுள்ளவர் என்று நம்புகிறவரால்தான் இப்படி முறையிட முடியும். நம்பிக்கை அற்றுப்போனவர் முறையிடுவதில்லை; பேச்சையே விட்டுவிடுவார்.

மறுமொழி: நெடுநாள் வாசகர்

முந்தைய சகோதரர் எழுதியதோடு உடன்படுகிறேன். முதல் கேள்வியைப் பற்றி மட்டும் சிறிது சேர்க்கிறேன்.

விதவையின் உவமையைச் சிலர், எண்ணிக்கை போதுமான அளவுக்கு வந்தவுடன் பதில் கிடைத்துவிடும் என்பதுபோல் போதிக்கிறார்கள். பதில் வராதபோது, இன்னும் அதிகமாக ஜெபித்திருக்க வேண்டுமோ என்ற குற்றஉணர்வை அது உண்டாக்கிவிடுகிறது. தேவன் அந்த நியாயாதிபதியைப் போன்றவர் அல்ல என்பதே உவமையின் ஆதாரம். தொந்தரவு தாங்காமல் அவர் நமக்கு இரங்க வேண்டிய தேவை இல்லை. பவுல் தம் மாம்சத்திலே இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் கிடைத்தபின், அதை ஏற்றுக்கொண்டார். கெத்செமனேயில் நம் ஆண்டவரும் மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். ஆகவே ஒரே விண்ணப்பத்தைத் திரும்பச் சொல்வது அவிசுவாசம் ஆகாது. இதில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பவுலுக்குத் தெளிவான பதில் வந்தது, அதனால் நிறுத்தினார். உங்களுக்கு அப்படியொரு பதில் வரவில்லை. அதனால் தொடர்ந்து கேட்கும் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது. சில நாட்கள் கேட்க இயலாமல் மௌனமாக இருக்கும் சுதந்திரமும் இருக்கிறது.

ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனின் தாய் மோனிக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகன் தன்னை விட்டுக் கடல்கடந்து ரோமுக்குப் போய்விடக் கூடாது என்று அவர் கார்த்தேஜில் ஓர் இரவு முழுவதும் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தபோதே, மகன் தாயிடம் சொல்லாமல் கப்பலேறிவிட்டார். ரோமிலிருந்து மிலானுக்குப் போன அவர், அங்கே ஆயர் அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்டு, 387-ஆம் ஆண்டில் அவரிடமே ஞானஸ்நானம் பெற்றார். தாய் எப்போதும் கேட்டு வந்ததைக் கொடுப்பதற்காகவே அந்த இரவில் அவர் கேட்டதைத் தேவன் கொடுக்கவில்லை என்று பிற்காலத்தில் அகுஸ்தீனே எழுதினார்.

மறுமொழி: காத்திருப்பவள்

அனைவருக்கும் நன்றி. துரோப்பீமுவைப் பற்றி வாசித்ததும் அந்தப் பகுதியைத் தம்பிக்கும் படித்துக் காட்டினேன். மோனிக்காவின் வாழ்க்கை ஆறுதலாக இருந்தது என்றாலும், மனதில் உள்ளதை மறைக்காமல் எழுதுகிறேன்: அவருடைய ஜெபத்திற்கு இறுதியில் பதில் வந்துவிட்டதே! என் தம்பி சுகமாகாமலே போனால் நான் எதைப் பற்றிக்கொள்வது? "உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற எரேமியா 29:11-ஐ எல்லாரும் எனக்கு அனுப்புகிறார்கள். அதை வாசிக்கும்போது இப்போது மனம் இன்னும் பாரமாகிறது.

மறுமொழி: வேதபாட ஆசிரியர்

உங்கள் கேள்வி நியாயமானது, சகோதரி. நல்ல முடிவுள்ள வரலாறுகளை மட்டுமே சொல்லித் தேற்றும்போது, முடிவு தெரியாமல் நிற்பவர்களைத் தனியே விட்டுவிடுகிறோம்.

எரேமியா 29 யாருக்கு எழுதப்பட்டது என்பதைக் கவனித்தால் அந்த வசனத்தின் பாரம் சற்றுக் குறையும் என்று நினைக்கிறேன். அது பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து அனுப்பப்பட்ட கடிதம். அதற்கு முந்தைய அதிகாரத்தில், இரண்டு வருஷத்திற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அனனியா அறிவிக்கிறான். கேட்பதற்கு இனிமையான செய்தி, ஆனால் பொய். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். கடிதத்தைக் கேட்டவர்களில் முதிர்ந்தவர்கள் பெரும்பாலும் பாபிலோனிலேயே மரித்திருப்பார்கள். "உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று அவர்களுக்குத்தான் கர்த்தர் சொன்னார். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றும் அதே கடிதம் சொல்லுகிறது. விரைவான விடுதலையை அந்த வசனம் வாக்களிக்கவில்லை. விடுதலை தாமதமாகும் காலத்திலும் அவர்கள் மறக்கப்படவில்லை என்பதையே உறுதிப்படுத்துகிறது.

யோவான்ஸ்நானனைப் பாருங்கள். சிறையிலிருந்து, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா" என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறார். குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள் என்று பதில் வருகிறது. சிறைக்கதவு திறக்கும் என்ற சொல் அதில் இல்லை, திறக்கவும் இல்லை. மற்றவர்களின் சாட்சியைக் கேட்டு வீடு திரும்பும் உங்கள் நிலை ஏறக்குறைய அதுவே அல்லவா? ஆனால் அந்தக் கேள்வியைச் சுமந்து வந்தவர்கள் போனவுடன், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவரைவிடப் பெரியவன் ஒருவனும் எழும்பினதில்லை என்று ஆண்டவர் ஜனங்களிடம் சொல்லுகிறார். யோவானின் ஐயம் அவரைப் பற்றிய ஆண்டவரின் மதிப்பைக் குறைக்கவில்லை.

தம்பி சுகமாகாமலே போனால் எதைப் பற்றிக்கொள்வது என்று கேட்டீர்கள். பிதா நம்மை நேசிக்கிறார் என்பதற்கு ஆதாரமாக நம் விண்ணப்பங்களின் பலனை வேதம் காட்டுவதில்லை. கெத்செமனேயில் பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கேட்ட தம் குமாரனுக்கே அதை நீக்காமல், அவரை நமக்காக ஒப்புக்கொடுத்ததைத்தான் ரோமர் 8:32 காட்டுகிறது. மரணத்திற்குப் பின் உயிர்த்தெழுதல் உண்டு என்பதும் அந்தக் குமாரனிடத்திலிருந்தே நமக்குத் தெரிகிறது. இதைத் தவிர வேறொரு பிடிமானத்தை உங்களுக்குக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி: அமைதிநதி

சகோதரி, நானும் நோயாளியைக் கவனித்துக்கொண்டவள் என்பதால், அன்றாடக் காரியங்கள் சிலவற்றை மட்டும் சொல்லுகிறேன்.

எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சொல்லி மரணத்தைக் கேட்டபோது, தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், எழுப்பி உணவு கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் உணவு கொடுத்தார். ஓரேபிலே பேசியது அதன் பிறகுதான். ஆகையால் உங்கள் தூக்கத்தையும் உணவையும் ஆவிக்குரிய காரியத்திற்குப் புறம்பானவை என்று எண்ணாதீர்கள். வாரத்தில் ஒருநாளாவது வேறொருவர் தம்பியோடு இருக்க ஏற்பாடு செய்யுங்கள். சோர்வு நீங்காமல் நீடித்தால் உங்களுக்காகவும் ஒரு மருத்துவரைப் பாருங்கள், அது அவிசுவாசம் அல்ல.

வார்த்தை வராத நாட்களில் 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் முடியும். இதுவோ இருளிலேயே முடிகிறது. ஆயினும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. உணர்வு எதுவும் இல்லாத நாளில் அந்த முதல் வரியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாலும் அது ஜெபமே. சொல்லமுடியாத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்லுவது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

இன்னும் ஒன்று. இத்தனை ஆண்டுகளும் நீங்கள் அனைவரும் தம்பிக்காகச் சுகத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அவன் எதைக் கேட்கிறான் என்று அவனிடம் விசாரித்ததுண்டா? பர்திமேயு குருடன் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று இயேசு அவனிடமே கேட்டார். என் பராமரிப்பில் இருந்தவரிடம் நான் அப்படிக் கேட்டபோது, வலி குறைய வேண்டும் என்றல்ல, தம்மால் வீட்டாருக்குள் கசப்பு வந்துவிடக் கூடாது என்று ஜெபிக்கச் சொன்னார். அதன்பின் நாங்கள் இரண்டிற்காகவும் ஜெபித்தோம். உங்கள் தம்பி வேறு ஏதாவது சொல்லக்கூடும். அவன் அனுமதித்தால் அதை இங்கே எழுதுங்கள், நாங்களும் அதற்காகவே ஜெபிக்கிறோம்.