பிடிஎஃப் சான்றிதழில் தமிழ்ப் பெயர்கள் சிதைகின்றன, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசிப்புப் போட்டிக்கு 140 பிள்ளைகளுக்குச் சான்றிதழ் அடிக்க வேண்டும். எக்செல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்து, பைத்தான் நிரல்மொழியில் எஃப்பிடிஎஃப்2 என்ற பேக்கேஜை வைத்து பிடிஎஃப் உருவாக்குகிறேன். முதலில் ஹெல்வெட்டிகா எழுத்துருவில் இந்த எழுத்து இல்லை என்று எரர் வந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்ததும் எரர் போய்விட்டது. ஆனால் 'செல்வி' என்ற பெயரில் ச முதலில் வருகிறது, ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால் போய் ல் பக்கம் ஒட்டிக்கொள்கிறது. கு, மு எதுவும் சேரவில்லை. எக்செல்லில் சரியாகத்தான் தெரிகிறது. சனிக்கிழமை விழா. ஒரு பிள்ளையின் பெயரைக்கூடத் தப்பாகக் கொடுக்க மனம் வரவில்லை.

பதில் 1:
எழுத்துருவில் தப்பில்லை நண்பரே. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ச-வுக்குப் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படும். திரையில் அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது ஷேப்பிங் எஞ்சின். எக்செல் அதைத் தானாகச் செய்கிறது. எஃப்பிடிஎஃப்2-இல் நாம் சொன்னால்தான் நடக்கும். ஷேப்பிங் வேலையைச் செய்யும் யுஹார்ஃப்பஸ் பேக்கேஜை நிறுவி, எஃப்பிடிஎஃப்2-இல் செட் டெக்ஸ்ட் ஷேப்பிங் என்பதை ட்ரூ ஆக்குங்கள். எஃப்பிடிஎஃப்2-இன் 2.7.5 பதிப்பிலிருந்துதான் இந்த வசதி உண்டு, உங்களுடையது பழசா என்று முதலில் பாருங்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது அண்ணா, ரொம்ப நன்றி! ஆனால் ஒரு பள்ளி அனுப்பிய தாளில் உள்ள பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. ஒரு பெயர் என், ஆர், ஒய், அரைப்புள்ளி, டி, பி என்று நிற்கிறது. எக்செல்லில் அதுவும் தமிழாகத்தான் தெரிகிறது.

பதில் 2:
அது பாமினி, யூனிகோடு முறையில் இல்லாத பழைய வகைத் தமிழ் எழுத்துரு. அந்தக் கட்டத்தைச் சொடுக்கி எழுத்துருப் பெயரைப் பாருங்கள், தெரிந்துவிடும். கோப்பில் இருப்பது வெறும் ஆங்கில எழுத்துதான். தமிழ் உருவம் பாமினி எழுத்துருவுக்குள் மட்டுமே இருக்கிறது. அதனால் ஷேப்பிங் இங்கே உதவாது. பாமினியில் என் என்பது ஒற்றைக்கொம்பு, ஆர் என்பது ச, ஒய் ல, அரைப்புள்ளி மெய்ப்புள்ளி, டி வ, பி இகரக் குறி. இதுவும் ஒரு செல்விதான்!

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் அந்தத் தாளை மட்டும் போடுங்கள். அப்புறம், இனிஷியல் நிஜ ஆங்கிலத்தில் இருந்தால் அதையும் தமிழாக்கிக் கெடுத்துவிடும். அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே இரண்டு இனிஷியல் கெட்டிருந்தது, கையால் திருத்தினேன். 140 பெயரையும் நூலகர் அம்மாவோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு இப்போதுதான் அச்சுக்கு அனுப்பினோம்.